பனமலையில் ஒரு கேள்வி

விழுப்புரத்திற்கு வடமேற்கே, ஏரிக்கரை மேட்டில் நிற்கிறது பனமலை தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்தது. அதன் சிற்றாலயம் ஒன்றினுள் நுழைபவர் முதலில் எதையும் காண்பதில்லை. கண்ணிலிருந்து வெளி வெயில் நீங்கச் சற்று நேரம் வேண்டும். பிறகு சுண்ணச் சுவரில் ஒரு முகம் மெல்லத் தெளியும். மகுடம் அணிந்து, தலைக்குமேல் குடை விரிந்திருக்க, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள் உமை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சிவனின் ஆடல் பெரிதும் அழிந்துவிட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களோடு நாம் அங்கே சென்றிருந்தோம். காலையில் மண்டகப்பட்டுக் குடைவரையைப் பார்த்தாயிற்று. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை ஆக்கினான் என்னும் வடமொழிக் கல்வெட்டையும் விளக்கியாயிற்று. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர். ஓவியருள் புலி என்னும் பொருளில் சித்திரகாரப்புலி என்றும் அவனுக்கு ஒரு பெயர் உண்டு.

அதற்கு முந்திய வாரம்தான் வகுப்பில் கிரேக்கக் கலை நடத்தியிருந்தோம். ஃபிடியாஸ், பாலிக்ளிடஸ், பிராக்ஸிடெலிஸ், ஸியூக்ஸிஸ், அப்பெல்லிஸ் எனப் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டிருந்தோம். அது நினைவில் இருந்ததால்தான் போலும், உமையின் முன் நின்றிருந்த ஒரு மாணவன் கேட்டான்:

"ஐயா, அங்க ஒவ்வொருத்தர் பேரும் தெரியுது. இத வரைஞ்சவரு பேரு தெரியலையே. அவருக்கு எழுதத் தெரியாதா, இல்ல எழுத விடலையா?"

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவன் அவன். தந்தை அம்மி கொத்துபவர்.

நம்மிடம் விடை ஆயத்தமாக இருந்தது. "நம் கலைஞர்கள் தம்மை இறைவனிடம் கரைத்துக்கொண்டவர்கள். பெயரை விரும்பாதவர்கள்" என்றோம். நம் ஆசிரியர்கள் நமக்குச் சொன்ன விடை அது. மற்றவர்கள் தலையசைத்தார்கள். அவன் அசைக்கவில்லை, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

அந்த நிறுத்தம் நம்மை நெடுநாள் உறுத்தியது. முதலில் கிரேக்கத்தையே மீண்டும் படித்தோம். ஸியூக்ஸிஸ் வரைந்த திராட்சையைக் கொத்தப் பறவைகள் வந்தன. பர்ராசியஸ் வரைந்த திரையை ஸியூக்ஸிசே மெய்யென்று நம்பி விலக்கச் சொன்னார். இக்கதையை முதல் நூற்றாண்டில் உரோமானியரான பிளினி எழுதி வைத்தார். அவ்விருவரின் ஓவியம் ஒன்றுகூட இன்று இல்லை. அலெக்சாந்தரின் ஓவியரான அப்பெல்லிசுக்கும் அதே நிலைதான். தந்தத்தாலும் பொன்னாலும் ஃபிடியாஸ் ஆக்கிய ஒலிம்பியா சீயஸ் அழிந்தது. பாலிக்ளிடசின் வேலேந்திய வீரனை உரோமானியர் செய்த படிகளின் வழியேதான் அறிகிறோம்.

அங்கும் கைவினைஞர்க்குப் பெருமதிப்பு இருந்ததென்று எண்ண வேண்டியதில்லை. அச்சீயசைக் கண்டு மகிழும் நற்குடி இளைஞன் எவனும் ஃபிடியாசாக ஆக விரும்பமாட்டான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அதீனாவின் கேடயத்தில் தன் உருவத்தையே செதுக்கிவிட்டதாக ஃபிடியாஸ்மேல் குற்றச்சாட்டு எழுந்ததையும் அவரே சொல்கிறார். ஆயினும் அவர்களைப் பற்றி எழுத நூலோர் இருந்தனர். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எக்சேக்கியாஸ் போன்றோர் தம் மட்கலங்களில் தாமே பெயர் எழுதினர்.

நம் நூலோரும் கைவினையைக் காணாதவர் அல்லர். யவனர் செய்த பாவை விளக்கை நெடுநல்வாடை காட்டுகிறது. மணிமேகலை மகதம், மராட்டம், அவந்தி, யவனம், தமிழகம் எனப் பல நாட்டு வினைஞரை ஓரிடத்தில் கூட்டுகிறது. எல்லாரும் நாட்டின் பெயரால் வருகிறார்கள். ஆள் பெயர் ஒன்றும் இல்லை.

பெயரை விரும்பாமைதான் காரணமோ என்ற நம் கடைசி ஐயத்தை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி தீர்த்து வைத்தது. அங்கே ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கலியாணி, கொல்லன் சேமகன் எனப் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. மாமல்லபுரத்தில் உளி பிடித்தவர்களின் பெயர்கள் என ஆய்வாளர் கருதுவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் இடம்பெறுகிறான். ஆனால் அவ்வாறு இடம் பெற்றவர் சிலரே. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மனின் விருதுப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சனுக்குக் கிடைத்ததோ ஊர்ப்புறத்துப் பாறை. அவன் செதுக்கியது எந்தச் சிற்பம் என்பதைச் சொல்ல யாருமில்லை.

கிரேக்கத்தில் பெயர் நின்றது, ஓவியம் போயிற்று. பனமலையில் ஓவியம் நின்றது, பெயர் போயிற்று. பூஞ்சேரியில் பெயரும் உண்டு, அருகிலேயே சிற்பமும் உண்டு. இரண்டையும் இணைக்கும் ஒரு வரி இல்லை. இந்த இழப்புக்கு நாம் "அடக்கம்" என்று பெயர் சூட்டி, அதைப் பெருமையாகவும் கற்பித்து வந்திருக்கிறோம். பேச வாய்ப்பில்லாதவர்மேல் பணிவை ஏற்றிச் சொல்வது எளிது. அவர்கள் வந்து மறுக்கப் போவதில்லை.

இப்போது மாணவர்களை அழைத்துச் செல்லும்போது அந்தப் பழைய விடையை நாம் சொல்வதில்லை. எழுதத் தெரிந்தவர் இருந்தனர், எழுத விரும்பியவரும் இருந்தனர், எங்கே எழுதலாம் என்பது அவர்கள் கையில் இல்லை என்கிறோம். உமையின் வண்ணமோ உதிர்ந்துகொண்டிருக்கிறது. வரைந்தவர் இருந்தார் என்பதற்கு இருக்கும் சான்று அது ஒன்றே.

கேள்வி கேட்டவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். அவனிடம் சொல்ல வேண்டியதை மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அண்மையில் பழைய வருகைப் பதிவேடு ஒன்றைப் புரட்டியபோது அவன் பெயர் கண்ணில் பட்டது. அம்மி கொத்திய தந்தையின் பெயர் அதில் ஒரு முதலெழுத்தாக மட்டும் இருந்தது. முழுப்பெயர் என்னவென்று நாம் கேட்டதே இல்லை.