பவளத் தொட்டிக்கு எந்த உப்பு?

1/ சமையல் உப்புல இருக்கறது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான். கடல்நீருக்கு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் வேணும். நார்மல் சலைனுக்கும் ரிங்கர் லாக்டேட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

2/ அளவு? சலைன்ல லிட்டருக்கு 9 கிராம். கடல்நீர்ல சுமார் 35. கால்சியம் சுமார் 410 மி.கி., மெக்னீசியம் சுமார் 1,300. எந்த நல்ல பாக்கெட்டும் இதை ஒட்டித்தான் வரும்.

3/ பார்க்க வேண்டியது காரத்தன்மை. கடல்ல சுமார் 7 டிகேஎச். சில உப்புகள்ல 11, 12 வரை போகும். அது சுண்ணாம்புக்கூடு வேகமா கட்டுற கல் பவளங்களுக்கு. மென்பவளத்துக்கு 8 தாராளம். அதிக விலை கொடுக்க வேண்டாம்.

4/ குழாய்த் தண்ணி வேண்டாம். ஆர்.ஓ. தண்ணியில கலக்குங்க.

5/ பிராண்டு மாத்தினா ஒரேயடியா மாத்தாதீங்க. வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தினா போதும். ரொம்ப நாளா சோடியம் குறைஞ்சிருந்த நோயாளிக்கு அவசரமா ஏத்தினா மூளை பாதிக்கும். பவளத்துக்கும் குறைவை விட திடீர் மாற்றம்தான் எமன்.

6/ மன்னார் வளைகுடாவில உடைச்ச பவளம்னு யாராவது வித்தா வாங்காதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல கல் பவளம், புலியோட சேர்ந்து முதல் அட்டவணையில இருக்கு.