தோர்ணக்கல்லுக்குப் போன நம்மவர்கள்

பாளையங்கோட்டை

அன்பு மகள் கிறிஸ்டிக்கு,

நீ வாட்ஸாப்பில் அனுப்பியிருந்த நீளமான செய்தியை நானும் பெரியம்மாவும் சேர்ந்து வாசித்தோம். அதற்குக் கட்டைவிரலால் பதில் எழுத எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவனுக்குத் தாளும் பேனாவும் இருந்தால்தான் யோசனை ஓடும். இதைப் படம் எடுத்து உன் தம்பி அனுப்பிவைப்பான்.

மிஷனரி என்றாலே வெள்ளைக்காரன் பீரங்கிக்குப் பின்னால் பைபிளோடு வந்தவன்தானே என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாளாம், எல்லாரும் தலையாட்டினார்களாம். உன் பூட்டனார், அதாவது என் தாத்தா, ஒரு மிஷனரி என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. வேட்டி கட்டிய, பனங்காட்டில் பிறந்த ஒரு மிஷனரியை அந்த வகுப்பில் எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று நினைத்து நீ பேசாமல் இருந்ததில் தப்பே இல்லை. ஆனால் கடைசியில் கேட்டிருந்தாய் பார், “நாம் எந்தப் பக்கம் இருந்தோம் பெரியப்பா?” என்று. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உன் தோழியின் பீரங்கி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டாலே ஆகாது. சனங்கள் கலைந்து வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம். 1793-ல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி, 1800-ல் டேனிஷ்காரர்களின் செராம்பூரில் போய்த்தான் நிம்மதியாகக் காலூன்ற முடிந்தது. 1813-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்ட பிறகே கம்பெனி கதவைத் திறந்தது. அதற்கும் நூறு வருஷம் முந்தி, 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவை அனுப்பியது டென்மார்க் ராஜா. அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டதும் அதே ராஜாவின் கோட்டைத் தளபதிதான். ஒரு ஏழை விதவையின் கடன் தகராறில் அவர் பரிந்து பேசியதும் அதற்கு ஒரு காரணம்.

இதை வைத்துக்கொண்டு மிஷனரிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று வாதாடப் போகாதே. ஆட்சி வேரூன்றிய பிறகு வந்தவர்களில் பலர் கலெக்டரின் பங்களாவுக்குப் பக்கத்தில், அதே மாதிரி பங்களாவில், அதே மாதிரி பட்லர் வைத்துத்தான் வாழ்ந்தார்கள். கொடைக்கானல் என்று நாம் சுற்றுலா போகிற ஊர், 1845-ல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப இரண்டு வீடு கட்டியதில் ஆரம்பித்தது. பெற்ற பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர்கள் மலையேறியதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இருந்தாலும் தமிழ் உபதேசியார் வந்தால் வராந்தாவில் நிற்க வைத்துப் பேசி அனுப்பிய கதைகளை நான் சின்ன வயதில் நிறையக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வழக்கம் என்பதுபோலச் சொன்னார்கள்.

இனி நம் சங்கதி. திருநெல்வேலிச் சீமையில் ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். கால்டுவெல் 1841-ல் இடையன்குடி போய்ச் சேர்ந்தார். ஊர் ஊராகச் சபைகள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள். எல்லாம் வந்தது, நாம் வாங்கிக்கொண்டோம். வாங்குகிறவனாகவே எத்தனை தலைமுறை இருப்பது என்ற கேள்வியைக் கேட்டவர் வெள்ளாளன்விளைக் குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகன் அசரியா. 1874-ல் பிறந்தவர், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராய்ச் சுற்றிக்கொண்டிருந்தார். 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடல் தாண்டி நம் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதாவது, நம் தமிழ்நாட்டை ஒரு மிஷன் களமாக யாழ்ப்பாணத்துப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! அசரியாவுக்கு அது உறைத்தது. ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் இருக்கிற திருநெல்வேலியிலிருந்து வெளியே ஒருவரும் போகவில்லையே என்று.

1903 பிப்ரவரி 12-ம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமானது. நாம் ஐ.எம்.எஸ். என்கிறோமே, அதுதான். ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியர்களுடையது என்பது ஏற்பாடு. இந்த மூன்றில் பணம்தான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஆள் கிடைப்பான், கூட்டம் போட்டுத் தீர்மானமும் போட்டுவிடலாம். பனையேறிகளும் சம்சாரிகளும் நிறைந்த சபைகளில், கருப்பட்டி விற்ற காசில் இன்னொரு ராஜ்யத்தில் இருக்கிற ஊழியருக்கு மாதாமாதம் சம்பளம் போக வேண்டுமே! என் ஆச்சி உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். ஸ்தோத்திரப் பண்டிகையில் கோழியும் தேங்காயும் ஏலம் போகும். ஒரே முட்டையை நாலு பேர் வாங்கித் திரும்பத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார்கள், விலை ஏறிக்கொண்டே போகும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தாய்.

முதல் மிஷனரி சாமுவேல் பாக்கியநாதன். 1904-ல் நிஜாம் ராஜ்யத்தில் வாரங்கல் பக்கம் மானுகோட்டா என்ற ஊருக்குப் போனார். இன்று அதை மகபூபாபாத் என்கிறார்கள். பிறகு அசரியாவே வேலையை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, 1909-ல் பக்கத்துத் தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். சிங்கரேணி நிலக்கரிக்கு ரயில் பிரிகிற ஜங்ஷன் அது, சுற்றிலும் காடு. முதலில் கூடாரத்தில்தான் வாசம். தெலுங்கை அகரத்திலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அவர் மனைவி அன்பு மரியம்மாள் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறைக் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். அவரும் பிள்ளைகளோடு போய் அங்கே இருந்தார். மிஷனரி வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களுக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாதி ஊழியம் அடுப்படியில் நடந்தது என்பது என் கணக்கு.

என் தாத்தா சில வருஷம் கழித்துப் போனார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுப் போனவர். ஊரில் ஏச்சு, தண்ணியில்லாக் காட்டுக்குப் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறானே என்று. பாஷை தெரியாமல் முதல் வருஷம் அவர் ஊமையாக இருந்தாராம். தெலுங்கு கற்றுக்கொடுத்தது மாடு மேய்க்கிற பையன்கள். தப்பாகப் பேசினால் உருண்டு சிரிப்பார்களாம். ஆச்சிக்குக் கோங்கூராவும் அந்த ஊர்க் காரமும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. என் அத்தை அங்கேயே வளர்ந்து, விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது தமிழில் தடுமாறினாள். சொந்தக்காரர்கள் அவளைத் தெலுங்கச்சி என்றே கூப்பிட்டார்கள்.

அவர்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலாக்களும் மாதிகாக்களும். இரண்டுமே ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சனம். ஆனால் மாதிகாக்கள் வீட்டில் மாலாக்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தாத்தா மாதிகாக் குடிசையில் சாப்பிட்டதால் மாலாக்கள் கொஞ்ச நாள் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று அப்பா சொல்வார். இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கோயில் நுழைய உரிமை கேட்டதற்காக 1899-ல் சிவகாசியில் நம் ஆட்கள் அடிபட்டு வீடுகள் எரிந்தன. அது நடந்து பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் நம் ஆட்கள் இன்னொரு ராஜ்யத்தில், தங்களைவிடக் கீழே வைக்கப்பட்டவர்களின் பாயில் உட்கார வேண்டியிருந்தது. அது எல்லாருக்கும் சுலபமாக வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நம்மிலும் சாதிப் பெருமை இருந்தது, இருக்கிறது. உட்கார்ந்தவர்களால்தான் அங்கே வேலை நடந்தது.

இப்போது நீ படிக்கிற ஊருக்கு வருகிறேன். எடின்பரோவில் மவுண்ட் என்கிற மேட்டில் அசெம்பிளி ஹால் இருக்கிறதே, ஸ்காட்லாந்து பார்லிமெண்ட் புதுக் கட்டடம் முடியும்வரை கூடிய இடம், அங்கேதான் 1910 ஜூனில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருபதுக்குள். அசரியாவுக்கு 35 வயது. எழுந்து, இந்தியாவில் வெள்ளை மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே நட்பே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். கூட வேலை செய்கிறவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடாத மிஷனரிகளைப் பற்றிச் சொன்னார். உங்கள் தியாகத்துக்கு வருங்காலச் சபை நன்றியோடு இருக்கும். எங்களுக்கு இன்னும் வேண்டியது அன்பு, நண்பர்களாக வாருங்கள் என்று கேட்டு முடித்தார். சபையில் சிலருக்கு முகம் சிவந்தது. உன் தோழிக்கு இதைச் சொல். அவள் சொல்கிற குற்றச்சாட்டை, அவளைவிடத் துல்லியமாக, குற்றம் செய்தவர்களின் மன்றத்திலேயே வைத்தவர் ஒரு தமிழ் மிஷனரி.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா பவுல் பேராலயத்தில் அவர் பேராயரானார்; ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். வெள்ளைக்காரர்கள் சிலர் எதிர்த்தார்கள். நம் ஊர்ப்பக்கத்திலேயே சாதி பார்த்து முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். ஞானஸ்நானம் பெற்றவர் தன் தலையில் கை வைத்து, இனி நானும் சொல்லாமல் இருக்கமாட்டேன் என்று உறுதி எடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரும் அன்றைக்கே ஊழியராகிவிடுகிறார் என்று அர்த்தம். பயிற்சிக்கு வந்த ஊழியர்கள் மனைவியோடு வர வேண்டும், அவளுக்கும் பாடம். 1940 வாக்கில் அவருடைய தோர்ணக்கல் திருமண்டலத்தில் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள்.

மதமாற்றம் பற்றி நீ கேட்டதைத் தட்டிக்கழிக்கவில்லை. காந்திக்கு இதில் கடுமையான கருத்து வேறுபாடு. சேவை செய், ஆனால் மதம் மாற்றாதே என்றார். சோறும் மருந்தும் காட்டி ஆள் பிடித்த இடங்கள் உண்டு. அங்கே காந்தி சொன்னதே சரி என்பேன். ஆனால் 1936-ல் அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மாட்டிடம் பேசும்போது, மதங்களின் தாரதம்மியத்தைப் பிரித்தறிவதில் தீண்டப்படாதவர்களில் சிலரைப் பசுவோடு ஒப்பிட்டார். அங்கே அவரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மாலாவுக்கும் மாதிகாவுக்கும் தன் சாமியைத் தேர்ந்தெடுக்கப் புத்தி உண்டு என்று அசரியா நம்பினார். அரசியல் சலுகைக்காக ஆள் சேர்க்கிறார் என்ற பழிக்கும் இடமில்லை. கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

தோர்ணக்கல் பேராலயம் கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆனது; 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டை. குவிமாடத்தைப் பார்த்தால் மசூதி என்பாய், தூண்களைப் பார்த்தால் மண்டபம் என்பாய். 1945 புத்தாண்டு அன்று அவர் தோர்ணக்கல்லிலேயே காலமானார். தாத்தா அதற்கு முன்பே திரும்பிவிட்டார், தன் இடத்தை ஒரு தெலுங்குக் குருவிடம் கொடுத்துவிட்டு. ஊருக்கு வந்து சும்மா இருந்த நாட்களில் அவருக்கு ஒரே குறை, அந்த இளைஞர் தன்னைக் கேட்காமலே எல்லாம் செய்கிறார் என்பது. குறைபட்டுக்கொண்டே அதில் பெருமையும் படுவாராம். இன்று அந்தத் திருமண்டலம் முழுக்கத் தெலுங்கர்கள் கையில்.

உன் இரண்டாவது கேள்வி, சபை வாலிபர்களோடு மலாவிக்கு இரண்டு வாரம் போகலாமா என்பது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு லிவிங்ஸ்டன் காலத்திலிருந்தே அந்த நாட்டோடு உறவு. பிளாண்டயர் நகரத்துக்கே அவர் பிறந்த ஊரின் பெயர். போய் வா. ஆனால் அதை ஊழியம் என்று எழுதாதே, விருந்துக்குப் போனேன் என்று எழுது. இரண்டு வாரத்தில் உனக்கு அவர்கள் செய்வதுதான் அதிகமாக இருக்கும். சுவருக்குப் பெயிண்ட் அடிக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். அந்தக் கூலியை அவர்களிடமிருந்து பறிக்காதே. சிச்சேவா பாஷையில் கொஞ்சமாவது பேசக் கற்றுக்கொண்டு போ. தப்பாகப் பேசு, சிரிக்கட்டும். யார் வீட்டிலாவது சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு என்ன ஆகுமோ என்று யோசிக்காமல் உட்கார்.

டிசம்பரில் வரும்போது சென்னைக்கு டிக்கெட் போடாதே, ஐதராபாத்துக்குப் போடு. நானும் பெரியம்மாவும் அங்கே வந்துவிடுகிறோம். செகந்திராபாத்திலிருந்து விஜயவாடா லைனில் காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் தோர்ணக்கல் போய்விடலாம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, உன் தம்பியிடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குளிருக்கு நல்ல சாக்ஸ் வாங்கிக்கொள். அப்பாவுக்கு மாதம் ஒரு தடவையாவது போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா