பழைய ஆம்னிக்கு ஒரு சைலன்சர்

சென்னை புதுப்பேட்டையில் நண்பரின் மாருதி ஆம்னியை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, அடியில் படுத்திருந்தார் வெல்டர் பாய். ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளோடு ஓடும் இந்த வண்டிக்குக் குறைந்த செலவில் ஒரு சைலன்சர் தேவைப்பட்டது.

ஸ்க்ரூடிரைவரால் தட்டினார். தகடு பொத்துக்கொண்டு உள்ளே போயிற்று. “உள்ளேருந்து தின்னிருக்கு சார். கிட்டக்க கிட்டக்கதானே ஓட்டுறீங்க?”

சரியாகப் பிடித்துவிட்டார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குட்டி ஓட்டங்களில் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. ஆவி தண்ணீராகி உள்ளேயே தங்கித் தகட்டை அரிக்கும்.

“பேட்ச் போட்டா போதாதா பாய்?” என்றார் நண்பர்.

“பத்தவைக்க நல்ல தகடு வேணுமே சார். நெருப்பு பட்டா ஓட்டைதான் பெருசாகும்.”

காயலான் கடைச் சரக்கு இன்னும் மலிவு. ஆனால் அதுவும் எந்த வண்டியிலோ தண்ணீர் குடித்துக் கிடந்ததுதான். கம்பெனி உருப்படியின் விலை நண்பருக்குக் கட்டுப்படியாகாது. மிச்சம், லோக்கல் தயாரிப்பு. அங்கேதான் கண் வேண்டும். பாய் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனம் குறைந்ததை ஒதுக்கினார். இன்னொன்றைக் குலுக்கி, உள்தகடு ஆடுகிறதா என்று காதுகொடுத்தார். விற்பவர் அதில் காந்தத்தை ஒட்டிக் காட்டி, ஒட்டுவதால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று சொல்லி, பாய் ஒதுக்கியதையே தலையில் கட்டப் பார்த்தார். அந்தச் சோதனையை நம்பவேண்டாம்: சைலன்சருக்கு வழக்கமாகப் பயன்படும் 409 ரக ஸ்டெயின்லெஸிலும் காந்தம் ஒட்டும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் பைப் போட்டால் அந்தக் காசே செலவுக்கு ஆகும் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். உள்ளேயிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்குத்தான் அந்த விலை. நச்சுப்புகையை அடக்குவதும் அவைதான். பிள்ளைகள் ஏறும் வண்டி. நண்பர் மறுத்தது எனக்கு நிம்மதி.

இணைப்புத் துண்டுக்கு ஜி.ஐ. பைப்பைப் பாய் தொடவில்லை. துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை, ராத்திரி குளிர்காய்ச்சலில் தள்ளிவிடுமாம். மலிவு சைலன்சருக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது; அது பில்லில் வராது. முகமூடி இல்லாமல், கையுறை ஒன்றோடு வேலை செய்பவரிடம் நாம் பேரம் பேசுகிறோம் என்பது எனக்கு உறுத்தியது. கூலியைக் குறைக்கச் சொல்லவேண்டாம் என்றேன், நண்பரும் கேட்கவில்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பற்றவைத்தார். சூடு ஆறியதும் எஞ்சினை ஓடவிட்டு, வால்குழாயை ஈரத்துணியால் கணநேரம் அழுத்தி, ஒவ்வொரு மூட்டாகக் காதுவைத்தார். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், கசியும் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறிவிடக்கூடும். அதற்கு மணமும் கிடையாது. ஒரு மூட்டில் ‘உஸ்’ என்றது. எஞ்சினை நிறுத்தி, மறுபடி பற்றவைத்தார்.

“வாரத்துல ஒருநாள் தாம்பரம் வரைக்குமாவது ஒரே ஓட்டமா ஓட்டுங்க சார். தண்ணி வத்திரும்.”