வரைபடத்தில் மட்டும் இருக்கும் இடம்

மதுரை வடக்கு மாசி வீதியில் உள்ள என் கட்டடத்துக்கு மாநகராட்சி முத்திரை குத்திய வரைபடம் ஒன்று பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதன்படி தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். 3 கார், 12 இருசக்கர வண்டி என்று கட்டம் கட்டி, எண் போட்டு, பொறியாளர் அழகாக வரைந்து கொடுத்திருந்தார். பால் காய்ச்சிய கையோடு அந்த இடத்துக்கு ஷட்டர் மாட்டி, ஒரு பாத்திரக் கடைக்காரருக்குக் குடோனாக வாடகைக்கு விட்டேன். மேலே என் ஆடிட்டர் அலுவலகம். என் காரும் என்னிடம் வேலை பார்ப்பவர்களின் வண்டிகளும் அன்றிலிருந்து தெருவில்தான்.

எல்லோரும் செய்வதுதானே என்ற சமாதானம் எனக்கு வெகுகாலம் போதுமானதாக இருந்தது.

ஊரார் கணக்கைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஒருநாள் என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு காருக்குத் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒதுக்கச் சொல்வது இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஏறக்குறைய 135 சதுர அடி. குடோனுக்கு நான் வாங்கும் வாடகை சதுர அடிக்கு 40 ரூபாய். காரைக் கீழே விட்டால் மாதம் 5,400 ரூபாய் வாடகை போகும். தெருவில் விட்டால் எனக்கு ஒன்றும் போகாது. போவதெல்லாம் அந்த வழியே பஸ்ஸிலும் சைக்கிளிலும் நடந்தும் வருகிறவர்களுக்கு.

இந்த ஊரில் இடநெருக்கடி புதிதல்ல. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரையே இடிக்க வைத்து, அகழியைத் தூர்த்து, ஊருக்கு வெளி வீதிகளைக் கொடுத்தார். அந்த நன்றிக்கு வைத்த விளக்குத்தூணைச் சுற்றி இன்றைக்கு வண்டிகள். சித்திரைத் தேரோட்டத்தன்று மட்டும் போலீஸ்காரர்கள் மாசி வீதிகளில் ஒரு வண்டி விடாமல் அப்புறப்படுத்துவார்கள். நம் தெருவா இவ்வளவு அகலம் என்று அன்றைக்கு எல்லோரும் வியப்போம், நானும் வியப்பேன். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக வந்து என் வாசலில் காரைச் சொருகிவிடுவேன். வேறு யாராவது பிடித்துவிட்டால்?

பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில், வடக்கு ஆவணி மூல வீதியில், ஸ்மார்ட் சிட்டி பணத்தில் பல அடுக்கு வாகனக் காப்பகம் கட்டினார்கள். என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வெளியூர் பக்தர்களுக்குக் கட்டியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதுவரை சொன்னது சோம்பலும் பேராசையும். இனிச் சொல்லப்போவதுதான் கேவலமானது.

தெருவில் நிற்கும் வண்டிகளுக்குக் கட்டணம் போடுவது பற்றி ஊரில் பேச்சு எழுந்தபோது, எங்கள் பகுதி வியாபாரிகள் கூடினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். "உசிலம்பட்டியிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வயிற்றுப் பாட்டுக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் வண்டி நிறுத்தக் காசு பிடுங்குவதா?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல். அந்த உற்சாகத்தில் இன்னொன்றையும் சேர்த்தேன். இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்ற ஊரில் வேலை பார்க்கும் இடத்தில் வண்டி விட்டாலே மாநகராட்சி வரி போடுகிறது, இங்கேயும் அது வந்துவிடும் என்று பயமுறுத்தினேன்.

நாட்டிங்காம் விவரம் எனக்கு முழுசாகவே தெரியும். வரி என் தொழில், படித்திருந்தேன். 2000-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் 2012 ஏப்ரலில் அதைத் தொடங்கினார்கள். வரி கட்ட வேண்டியவர் முதலாளி. அதுவும் 11 இடங்களோ அதற்கு மேலோ ஊழியர்களுக்கு வைத்திருப்பவர் மட்டும். முதல் வருடம் ஓர் இடத்துக்கு 288 பவுண்ட், அன்றைய மதிப்பில் மாதம் ஏறக்குறைய 2,000 ரூபாய். இப்போது 500 பவுண்டைத் தாண்டிவிட்டது. முதலாளி விரும்பினால் ஊழியரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான், அந்த ஓட்டையைப் பற்றி அங்கேயே சண்டை உண்டு. ஆனால் வந்த பணம் எங்கே போனது என்பதை நான் மேடையில் சொல்லவில்லை. அந்தப் பணத்தின் துணையோடு டிராம் பாதையை இரண்டு திசைகளில் நீட்டி, 2015-இல் ஓடவிட்டார்கள். அதைச் சொன்னால் கைதட்டல் குறைந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டிங்காமில் இருந்தாலும் என் வரைபடத்து 3 காருக்கு வரி கிடையாது. இடத்தை எண்ண அதிகாரி நேரில் வந்தாலோ, 3-கூட இல்லை, எவர்சில்வர் அண்டாக்கள்தான்.

கூட்டம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு கோப்புக்குள் பக்க அடையாளமாக மஞ்சள் டோக்கன் ஒன்று செருகியிருந்தது. வாடிப்பட்டியிலிருந்து எக்ஸ்எல் மொபெட்டில் வரும் எங்கள் அலுவலகப் பையனுடையது.

"என்னப்பா இது?"

"பைக் ஸ்டாண்டு டோக்கன் சார். அங்கதான் போடுறேன்."

"ஏன், வாசல்ல விட வேண்டியதுதானே?"

"வாசல்ல உங்க கார் நிக்குதுல்ல சார்."

குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். ஒரு நாளைக்கு 15 ரூபாய். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறான். யாரை முன்னிறுத்திக் கைதட்டல் வாங்கினேனோ, அவனிடம் ஏற்கெனவே வேலை பார்க்கும் இடத்துக்கான நிறுத்தக் கட்டணம் வசூலாகிக்கொண்டிருந்தது. அதில் டிராமும் வராது, பஸ்ஸும் வராது. சிலைமானிலிருந்தும் ஊமச்சிகுளத்திலிருந்தும் எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வரும் இரண்டு பெண்கள் 2021-இலிருந்து கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். சிம்மக்கல்லில் பஸ் ஊர்ந்து, தாமதமாக வந்தால் முகத்தைச் சுளிப்பவனும் நானே.

அடுத்த மாதத்திலிருந்து பையனுக்கு டோக்கன் காசை அலுவலகத்திலிருந்து கொடுக்க ஆரம்பித்தேன். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். "ஊழியர் போக்குவரத்துச் செலவு" என்று எழுதி அதற்கும் வரிக் கழிவு எடுத்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

2025 நவம்பரில் மதுரை மெட்ரோ திட்டம் டெல்லியிலிருந்து திரும்பி வந்தபோது, ஊர் மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஓட வேண்டிய ரயில் அது. டீக்கடையில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் கொதித்தேன். நாட்டிங்காம் நகர எல்லைக்குள் இருப்பவர்கள் 3 லட்சத்துக்குச் சற்று மேல்தான், அங்கே டிராம் ஓடுகிறது என்று புள்ளிவிவரம் கொடுத்தேன். அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். டீ ஆறுகிறது என்று சொல்லிவிட்டேன்.

குடோனைக் காலி செய்யச் சொல்லலாம்தான். ஒப்பந்தம் ஆடியில் முடிகிறது. பாத்திரக் கடைக்காரர் நல்ல மனிதர், இரண்டு மாத அவகாசம் கொடுத்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தந்தாக வேண்டும். அதைப் போட்டுத்தான் அந்தக் காரை வாங்கினேன்.