நயினார்கோவில் வத்தலும் மிலான் சுஷியும்

பரமக்குடியில பஸ் ஏறி நயினார்கோவில்ல இறங்குங்க. அதுவும் மாசி, பங்குனின்னா உங்களை முதல்ல வரவேற்கிறது கோபுரம் இல்ல, தும்மல்! சுத்துவட்டாரத்துல களம், ரோட்டோரம்னு எங்க பார்த்தாலும் செக்கச்செவேல்னு முண்டு வத்தல் காயும். குண்டு குண்டா, கையில எடுத்துக் குலுக்கினா உள்ளே விதை சலசலக்கும்.

2023-ல ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு. 'எங்க மண்ணோட சொத்து'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆனா ஒரு விஷயம் பாஸ்... மிளகாய் நம்ம ஊர்க்காரரே இல்ல! அமெரிக்கக் கண்டத்துல பிறந்து, 16-ம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர்கள் மூலமா இங்கே வந்து இறங்கினவர். அதுக்கு முன்னாடி நம்ம காரம் எல்லாம் மிளகுதான். மிளகு மாதிரி உறைக்கிற காய்ங்கிறதாலதான் மிளகாய்!

இப்ப ஏன் இந்த ஆராய்ச்சி? மிலான்ல படிக்கிற என் தோஸ்த் போன்ல ஒரே ஆச்சரியம். 'பீட்சா ஊர்ல பசங்க சுஷி கடையில குவியுறாங்கடா. அதுலயும் நிறைய கடையை நடத்துறது சீனாக்காரங்க. பக்கத்து வீட்டுத் தாத்தா, நம்ம சாப்பாடு போச்சேன்னு புலம்புறார்!' தாத்தாகிட்ட யாராவது சொல்லுங்கப்பா, பீட்சா மேல இருக்கிற தக்காளியும் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான். அட, ஜப்பான்காரங்க பெருமையா நீட்டுற டெம்புரா இருக்கே... அந்த மாவுல முக்கிப் பொரிக்கிற வித்தையும், மிளகாயை நமக்குக் கொண்டுவந்த அதே போர்ச்சுகீசியர்கள் கொடுத்துட்டுப் போனது.

ஊர்ப்பேரே இங்கே அப்படித்தான். வாய் பேசாத ஒரு முஸ்லிம் பொண்ணு நாகநாத சுவாமி கோவில் தீர்த்தத்துல குளிச்சதும், 'நயினார்'னு முதல் வார்த்தை பேசினாளாம். அந்த வார்த்தையே ஊருக்குப் பேராச்சுன்னு கதை சொல்றாங்க. இன்னைக்கும் முஸ்லிம்கள் இங்கே வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க.

கோவிலை விட்டு வெளியே வந்து, களத்துல காம்பு கிள்ளிட்டு இருந்த ஒரு அப்பத்தாகிட்ட மிளகாயோட கப்பல் கதையை அவுத்து விட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல.

"எங்கிட்டு இருந்து வந்தா என்னப்பா? போன மாசம் பேஞ்ச மழையில பாதி வெளுத்துப் போச்சு. வெளுத்ததை ஏவாரி தொடவே மாட்டேங்குறான்."

வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறாங்க. அதே மழை மாசியில வந்தா வத்தல் நிறம் போயிடும், விலையும் போயிடும். பேரன் படிப்பை முடிச்சுட்டு துபாய்க்குப் போயிட்டானாம். களத்துல அப்பத்தா மட்டும்தான்.

கிளம்பும்போது கூப்பிட்டாங்க. "ஏப்பா, அந்தச் சிநேகிதன் இருக்கானே... அங்கன வத்தல் கிலோ என்ன வெலைன்னு கேட்டுச் சொல்றியா?"