கப்பல் வராத திங்கட்கிழமை

1971-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. பி.யூ.சி. தேர்வை எழுதி முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தேன். பேகம்பூர்ப் பகுதியில் தோல் பதனிடும் தொழிலகங்கள் நிறைந்திருந்த காலம் அது. 'தோல் ஷாப்' என்பதே ஊர் வழங்கிய பெயர். அவற்றுள் சிறியதொன்றை மாமு நடத்தி வந்தார். கணக்கில் அவரை வெல்ல ஆளில்லை; ஆங்கிலம் மட்டும் கைவரவில்லை. ஆகவே வெளியூர்களிலிருந்து வரும் தந்திகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பதினேழு வயதில் அதனினும் பெரிய பட்டம் வேறு உண்டோ?

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. ஏற்றுமதி வணிகர் ஒருவரிடம் புதிய ஆர்டர் கேட்டு மாமு பல வாரங்களாகக் காத்திருந்தார். தந்தியில் ஐந்தே சொற்கள்: 'ஷிப் சாம்பிள்ஸ் மண்டே லெட்டர் ஃபாலோஸ்.' நான் தயங்கவே இல்லை. "மாதிரித் தோல்கள் திங்கட்கிழமை கப்பலில் வருகின்றனவாம் மாமு. விவரம் கடிதத்தில் வருமாம்" என்றேன்.

மாமு சற்று யோசித்தார். "நாமதானே மருமகனே சாம்பிள் அனுப்பணும்? அவங்க எதுக்கு அனுப்புறாங்க?"

"வெளிநாட்டு மாதிரியைக் காட்டி அதுபோலச் செய்யச் சொல்வார்கள் போலும்" என்று இல்லாத விளக்கமொன்றையும் கூட்டிச் சொன்னேன். கட்டி முடித்து வாசலில் வைத்திருந்த மாதிரிக் கட்டு மீண்டும் உள்ளே போயிற்று.

புதன்கிழமை கடிதம் வந்தது. மாதிரிகளைத் திங்களன்றே அனுப்பும்படி தந்தி அடித்திருந்ததாக அதில் எழுதியிருந்தது. அவசரமாக அனுப்பினோம், அதற்குள் ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. அம்மாதக் கூலி கொடுக்க மாமியின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. மாமு என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடிந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் உறுத்தியிராது.

'ஷிப்' என்றால் கப்பல் என்று படித்திருந்தேன். அதுவே 'அனுப்பு' என்னும் ஏவல் வினையாகவும் நிற்கும் என்பதையும், கப்பலே இல்லாமல் ரயிலில் அனுப்பினாலும் அச்சொல்லே பொருந்தும் என்பதையும் யாரும் சொல்லித் தந்ததில்லை. பின்னர் ஆங்கில இலக்கணத்தை நான் விடாமல் கற்றதற்கு அந்தத் தந்தியே காரணம்.

நம் தமிழில் சொல்லின் உடலிலேயே அதன் இனம் பெரும்பாலும் தெரிந்துவிடும். 'கப்பலை' என்றால் பெயர். 'அனுப்பினான்' என்றால் வினை. ஆங்கிலச் சொல்லுக்கோ இடமும் துணையுமே இனத்தைத் தருகின்றன. முன்னே 'தி' அல்லது 'எ' நின்றால் அது பெயர்; 'டு' நின்றால் பெரும்பாலும் வினை. தந்தியிலோ சொல்லுக்குச் சொல் காசு. எனவே முதலில் கழற்றி எறியப்படுபவை அந்தத் துணைச் சொற்களே! எஞ்சியிருக்கும் 'ஸ்' என்னும் ஈறும் உதவாது. பெயரோடு சேர்ந்தால் அது பன்மை. வினையோடு சேர்ந்தால் படர்க்கை ஒருமை. 'சாம்பிள்ஸ்' என்பதும் 'ஃபாலோஸ்' என்பதும் ஒரே வால் உடையவை. ஆனால் முன்னது பெயர், பின்னது வினை.

ஆங்கிலமும் தொடக்கத்தில் இப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் அன்பு 'லுஃபு'. அன்பு செய்தல் 'லுஃபியன்'. 1066-க்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளில் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. இரண்டும் 'லவ்' என்றே நின்றுவிட்டன. வேலி விழுந்தபின் சொற்கள் இங்குமங்கும் தாராளமாக நடமாடத் தொடங்கின. ஷேக்ஸ்பியர் 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்தில் 'அங்கிள்' என்னும் உறவுப் பெயரையே வினையாக்கிவிட்டார். எல்லோரும் இதை விரும்பியதில்லை. பெயர்ச்சொற்களாகிய 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'பிராக்ரஸ்' ஆகியவற்றை வினையாக வழங்குகிறார்களே என்று 1789-இல் பெஞ்சமின் பிராங்கிளின் அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டருக்கு முறையிட்டு எழுதினார். இன்று அவற்றை வினையாக எழுதினால் எவரும் புருவம் உயர்த்துவதில்லை.

பெயர் வினையாகும்போது பொருள் எப்பக்கம் சாயும் என்பதும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. மாமுவின் தொழிலிலேயே சான்று உண்டு. 'சால்ட்' வினையானால் தோலுக்கு உப்பு இடுதல். 'ஸ்கின்' வினையானால் தோலை உரித்தெடுத்தல். ஒன்று சேர்க்கிறது, மற்றொன்று நீக்குகிறது. 'டஸ்ட்' என்பதோ இரண்டும் செய்யும்: அலமாரியில் தூசியைத் துடைப்பதும் அதுவே, பலகாரத்தின் மேல் சர்க்கரைத் தூளைத் தூவுவதும் அதுவே. தோலைக் குறிக்கும் 'ஹைட்' என்பதையும் மறைத்தலைக் குறிக்கும் 'ஹைட்' என்பதையும் சிலர் இவ்வரிசையில் சேர்ப்பர். அவை இன்று ஒலியால் ஒன்றாயினும் பொருளால் வெவ்வேறான சொற்கள்.

தமிழில் இது அறவே இல்லை என்று மாணவர்கள் எண்ணிவிட வேண்டா. 'அடி', 'வெட்டு', 'குத்து' என்பன ஏவலாகவும் வரும். 'அடி விழுந்தது' என்பதுபோல் முதனிலைத் தொழிற்பெயராகவும் வரும். ஆனால் இவை வினையில் பிறந்த பெயர்கள். பொருட்பெயரை அப்படியே வினையாக்குவது நமக்கு இயல்பன்று. 'கப்பலினான்' என்று யார் சொல்வார்? அதை நான் குறையாகக் கருதவில்லை. ஆங்கிலேயர் 'வாட்டர்' என்னும் ஒரு சொல்லையே எங்கும் வினையாக்கி முடித்துவிடுகிறார்கள். நாமோ செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், வயலுக்குப் பாய்ச்சுகிறோம், மாட்டுக்குக் காட்டுகிறோம். நாவில் அது ஊறுகிறது, கண்ணில் துளிர்க்கிறது.

தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. மாமு அதற்கு வெகு காலத்திற்கு முன்பே மறைந்துவிட்டார். அண்மையில் இணையவழிக் கடையில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு வாங்கியிருந்தான் பேரன். கைப்பேசியில் வந்த செய்தியை எனக்குப் படித்துக் காட்டினான்: 'யுவர் ஆர்டர் ஹேஸ் பீன் ஷிப்டு.' படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "நம்ம ஊருக்கு ஏது நன்னா கப்பல்?"

கைப்பேசியை வாங்கி, அந்தச் சொல்லை நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.