மாலே நகரத்து மஸ்ஹுனி

மாலத்தீவு என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் மனக்கண்முன் எது வந்து நிற்கிறது? பளிங்கு போன்ற நீலக் கடலில் கால் ஊன்றி நிற்கும் உல்லாச விடுதிகள்தாம் பலருக்கும் தோன்றும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வாழும் நம் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மாசியைச் சொல்வார்கள். விறகுக் கட்டைபோல் இறுகிக் கிடந்து, இடித்துச் சம்பலில் சேர்த்ததும் வீடு முழுவதும் மணக்கச் செய்யும் அந்த மாசிக் கருவாட்டுக்குப் பெயர்பெற்ற நாடு மாலத்தீவு. அந்நாட்டின் திவேஹி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். அந்த மீனை அம்மக்கள் தம் வீடுகளில் எவ்வாறு உண்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். ஏறத்தாழ 1,190 தீவுகளைக் கொண்ட அந்நாட்டில், ஏறத்தாழ 200 தீவுகளில் மட்டுமே குடிமக்கள் வாழ்கிறார்கள். விமானம் இறங்கும் ஹுல்ஹுலே ஒரு தனித்தீவு. அங்கிருந்து தலைநகர் மாலேக்கு முன்பெல்லாம் படகில்தான் போக வேண்டும். 2018இல் கடல்மீது பாலம் திறக்கப்பட்ட பிறகு வாகனத்திலேயே போய்விடலாம். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சலிப்பின்றி நடந்துவிடக்கூடிய சிறு நகரம் மாலே. சந்துகளில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. அமைதியை நாடி அங்கே போகாதீர்கள்!

ஆயினும், ‘ஹுகுரு மிஸ்கி’ என்னும் பழைய ஜும்ஆப் பள்ளிக்குள் நுழைந்ததும் அத்தனை இரைச்சலும் நின்றுவிடுகிறது. 1658இல் சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் எழுப்பிய இந்தப் பள்ளியின் சுவர்கள் செங்கல்லால் ஆனவை அல்ல. கடலிலிருந்து எடுத்த பவளப் பாறைகளைச் செதுக்கி, ஒன்றோடொன்று கோத்து அடுக்கியிருக்கிறார்கள். வேறு கல் கிடைக்காத நாட்டினர் கடலடிக் கல்லைக் கொண்டே இறையில்லம் கட்டியதைக் கண்டு வியந்து நின்றேன். அவர்களின் அடுக்களையும் இப்படித்தான். கைக்கு எட்டியது கடல் மீனும் தென்னையும். அவற்றைக் கொண்டே ஓர் உணவு மரபை உருவாக்கிவிட்டார்கள்.

வடக்குக் கடற்கரையில் மீன் சந்தை இருக்கிறது. பிற்பகலில் தோணிகள் திரும்பும் வேளையில் போனால், ஓடு பதித்த தரையில் வெள்ளி முலாம் பூசியதுபோல் சூரை மீன்கள் வரிசையாகக் கிடப்பதைக் காணலாம். வயிற்றில் கோடுகள் கொண்ட வரிச்சூரைதான் அவற்றில் மிகுதி. வெட்டுவோர் கத்தியைப் பிடிக்கும் லாவகத்தை நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண் இமைப்பதற்குள் தலை, தோல், நடுமுள் எல்லாம் தனித்தனியே வந்துவிடுகின்றன.

இந்தச் சூரையை அவர்கள் வலை வீசிப் பிடிப்பதில்லை. தூண்டிலில் ஒவ்வொன்றாகவே பிடிக்கிறார்கள். விடியற்காலையில் பாறைத் திட்டுகளின் அருகே சிறு இரைமீன்களைப் பிடித்து, படகின் அடிப்பகுதியில் கடல்நீர் புகுந்து வரும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வார்கள். பிறகு கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தைத் தேடிப் போய், இரைமீனை அள்ளி வீசி, கடல்மீது மழை பெய்வதுபோல் நீரையும் தெளிப்பார்கள். இரைமீன் கூட்டம் துள்ளுவதாக எண்ணிச் சூரைகள் வெறியோடு வரும். படகின் பின்புறம் வரிசையாக நிற்போர் நீண்ட கழிகளால் அவற்றைச் சுண்டித் தலைக்கு மேலாகப் பின்னால் எறிவார்கள். கொக்கியில் எதிர்முள் இல்லாததால் மீன் தானே கழன்று படகில் விழும். 1974இல் தோணிகளுக்கு இயந்திரம் வந்தது. மூங்கில் கழி போய் இழைக்கண்ணாடிக் கழி வந்தது. ஒரு கொக்கிக்கு ஒரு மீன் என்ற முறை மட்டும் மாறவில்லை. கடலை அடியோடு அரித்துவிடாத இம்முறைக்காகவே அவர்களின் வரிச்சூரை மீன்பிடிப்புக்கு 2012இல் பன்னாட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

வரலாற்றில் ஆர்வமுள்ள வாசகர்கள் இந்த இடத்தில் இப்னு பதூதாவை நினைத்திருப்பீர்கள். 1343இல் மாலத்தீவுக்கு வந்து, காழியாகப் பொறுப்பேற்று, ஜும்ஆவுக்கு வராதவர்களைத் தண்டித்த கண்டிப்பான மனிதர் அவர். அங்கே திருமணமும் செய்துகொண்டார். பிறகு மதுரை சுல்தானின் ஆட்சியிலிருந்த நம் மஅபர் மண்ணுக்கும் வந்தார். அத்தீவு மக்கள் மீனை நான்காகப் பிளந்து, சிறிது வேகவைத்து, ஓலைக் கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதையும், அது இந்தியா, சீனா, ஏமன் வரை ஏற்றுமதியானதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்குப் பிறகும் பிளப்பது, வேகவைப்பது, புகையூட்டுவது என்ற வரிசை அப்படியே இருக்கிறது. வெந்து புகையேறி, இன்னும் மென்மை மாறாத மீன் ‘வல்ஹோமஸ்’. அதையே வெயிலில் கட்டையாகக் காயவிட்டால் ‘ஹிகிமஸ்’, அதாவது நம் மாசி. மீன் வெந்த சாறு ‘கருதியா’. அதையும் வீணாக்காமல் சுண்டக் காய்ச்சினால் ‘ரிஹாகுரு’ என்னும் கரிய விழுது கிடைக்கிறது.

இனி மஸ்ஹுனிக்கு வருவோம். ‘ஹுனி’ என்றால் துருவிய தேங்காய். மேல்நாட்டார் சாலட் என்று சொல்லும் வகையைச் சேர்ந்ததே இதுவும்: அடுப்பில் ஏற்றாமல், கையால் கலந்து, உடனே உண்பது. மாலத்தீவு வீடுகளில் காலை உணவு பெரும்பாலும் இதுதான். முன்பு ஒரே அரபிக் கல்லூரியில் ஓதிய நட்பின் பேரில் ஒரு குடும்பத்தார் என்னை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பஜ்ரு தொழுகை முடிந்து நாங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அவ்வீட்டு மூதாட்டியார் முற்றத்தில் ‘ஹுனிகோந்தி’ என்னும் தாழ்ந்த மணையில் உட்கார்ந்து தேங்காய் துருவத் தொடங்கினார். நம் அரிவாள்மணையின் நுனியில் துருவல் இருப்பதுபோலவே அந்த மணையின் முனையிலும் பல் வைத்த இரும்பு நாக்கு உண்டு. மூடியை அதில் சுழற்றச் சுழற்ற, வெண்மையான துருவல் தட்டில் உதிர்ந்தது. ஓட்டை ஒட்டிய பழுப்புப் பகுதி வரும் முன்பே அவர் நிறுத்திவிட்டதைக் கவனித்தேன்.

பொருள்கள் எல்லோருக்கும் எட்டக்கூடியவையே: வெங்காயம், மிளகாய், எலுமிச்சம்பழம், உப்பு, மீன், தேங்காய். எதை முதலில் சேர்ப்பது என்பதில்தான் ருசி இருக்கிறது. பொடியாக அரிந்த வெங்காயத்தையும் மிளகாயையும் உப்போடு சேர்த்து, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, விரல்களால் நன்றாகப் பிசைந்தார் அந்த அம்மையார். வெங்காயத்தின் காரம் அடங்கி அது நீர் விடும் வரை பிசைய வேண்டும். அதன் பிறகே உதிர்த்த மீன். எல்லாவற்றுக்கும் கடைசியில் தேங்காய். துருவலை முதலிலேயே போட்டுப் பிசைந்தால் சக்கையாகிவிடும். இறுதியில் சேர்த்து விரல் நுனியால் அழுத்தி அழுத்திக் கலக்கும்போது, எலுமிச்சையின் ஈரத்தில் துருவலிலிருந்து பால் கசிந்து மீனின் ஒவ்வோர் இழையிலும் படிகிறது. வெண்ணெய் போன்ற அந்த வழவழப்புக்கு வேறு எதுவும் சேர்க்கவில்லை. தேங்காயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு இருக்கிறது, எண்ணெய் எதற்கு?

அவர்கள் சேர்க்கும் ‘கித்தேயோ மிருஸ்’ என்னும் உருண்டை மிளகாயைப் பற்றி ஒரு சொல். மணம் பழத்தைப் போலிருக்கும். காரமோ கண்ணீரை வரவழைக்கும். விருந்தாளிக்காகக் குறைத்தே போட்டதாகச் சொன்னார்கள். குறைத்தது இதுவென்றால் நிறைத்தது எப்படியிருக்குமோ! எண்ணெயும் வெந்நீரும் விட்டுப் பிசைந்து மெல்லியதாகச் சுட்ட ‘ரொஷி’யைப் பிய்த்து, அதில் மஸ்ஹுனியை அள்ளி உண்டு, இனிப்பான கறுப்புத் தேநீரைக் குடித்தோம். பொடியாக நறுக்கிய கீரை இலைகளைச் சேர்த்துச் செய்வதும் உண்டு. பிள்ளைகள் கீரை உண்ண மறுக்கும் வீடுகளுக்கு அது நல்ல வழி.

உல்லாச விடுதிகளிலும் பெருநகர உணவகங்களிலும் கடல் உணவு சாலட் என்று கேட்டால் வேறொன்று வரும்: இறால், கணவாய், நண்டு எல்லாம் கலந்து, முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்த மயோனைஸில் தோய்த்த கிண்ணம். இதில் நம் வீடுகளுக்கு இரண்டு சங்கடங்கள். கடல்வாழ் உயிரினங்களில் ஷாஃபிஈ மத்ஹபினருக்கு விரிந்த அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபிலோ மீன் மட்டுமே. ஷாஃபிஈ வீட்டில் பெண்ணெடுத்த ஹனஃபி மாப்பிள்ளை விருந்துக்கு வரும்போது இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. மஸ்ஹுனியில் மீன் மட்டுமே இருப்பதால் இரு சாராரும் ஒரே தட்டில் கைவைக்கலாம்.

மற்றொன்று உடல்நலம் பற்றியது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும் என்பதால், 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் தமிழ்நாடு அரசு தடை செய்தது. தந்தூரி அடுப்பு உள்ள கடைகளிலெல்லாம் அந்த வெண்ணிறக் குழம்பை நம் பிள்ளைகள் விரல் தோய்த்து நக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் புதிதாகத் துருவிய தேங்காயும் எலுமிச்சையும் அந்த வேலையைச் செய்துவிடும்போது, எப்போது அடித்தது என்றே தெரியாத முட்டைக் குழம்பை ஏன் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் தேங்காயும் மீனும் என்றதும் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சூரை இன மீன்களை ஐஸ் இல்லாமல் வெப்பத்தில் போட்டுவைத்தால், அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. பார்வைக்கும் முகர்வுக்கும் மீன் நன்றாகவே இருக்கலாம். வேகவைத்தாலும் உறையவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உண்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். மாலத்தீவு மக்கள் கரைக்கு வந்த மீனைத் தாமதிக்காமல் கொதிநீரில் இட்ட பழைய வழக்கம் எவ்வளவு தேவையானது பாருங்கள். ஆகவே நம் ஊரில் செய்ய விரும்பும் சகோதரிகள், ஐஸில் வைத்திருந்த புதிய சூரையை நம்பகமானவரிடம் வாங்கி, வந்ததும் உப்பு நீரில் வேகவைத்து, ஆறியதும் தோலும் முள்ளும் கருஞ்சதையும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். உதிர்த்த மீன் இரண்டு கோப்பை இருந்தால், துருவலும் அதே அளவு போதும். ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு எலுமிச்சம்பழம். தண்ணீரில் அடைத்த டின் மீனை வடித்துப் போட்டாலும் குற்றமில்லை. மாலேயிலேயே இன்று பல வீடுகளில் அதுதான். மிக்சியில் தேங்காயை அரைக்க வேண்டாம், கட்டி கட்டியாகிவிடும். கலந்ததும் உண்டுவிட வேண்டும். நம் வெயிலில் துருவிய தேங்காய் உச்சிப் பொழுது வரை தாங்காது.

அந்தச் சந்தையில் நான் கண்ட மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீன் சந்தைக்குப் பக்கத்திலேயே காய்கறிச் சந்தை. அங்கே தேங்காயும் வாழைக்குலையும் தவிரப் பலவும் கடல் கடந்து வந்தவை. மஸ்ஹுனிக்கு உயிரான வெங்காயமும் அப்படித்தான். மணல் தீவுகளில் அது எங்கே விளையும்? தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து தோணிகள் நெடுங்காலமாக மாலேக்குச் சரக்கு ஏற்றிச் செல்கின்றன. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அதன் பிறகு, மாலத்தீவுக்கென்று 2024-25ஆம் ஆண்டுக்குத் தனியாக 35,749 டன் வெங்காயம் அனுமதிக்கப்பட்டது. அவர்கள் மாசியை நமக்குத் தந்தார்கள். நாம் வெங்காயத்தை அனுப்பினோம். அந்த மூதாட்டியார் பிசைந்த வெங்காயமும் அநேகமாக நம் பக்கத்து வெங்காயமாகவே இருக்கும்.

மாலேயில் அஸருக்குப் பின் தேநீர்க் கடைக்குப் போனால் மஸ்ஹுனி மீண்டும் உங்கள் முன் வரும், வேறு உருவில். அதை மாவு உருண்டைக்குள் பூரணமாக வைத்து, மூடித் தட்டி, கல்லில் சுட்டெடுக்கிறார்கள், பெயர் ‘மஸ்ரொஷி’. காலையில் மீந்ததை மாலைவரை வைத்திருந்து அடைக்காமல், அதற்கென்று புதிதாகக் கலந்தே செய்யுங்கள். நோன்பு திறக்கும் வேளைக்குச் சமோசாவுக்குப் பதிலாக இதைச் சுட்டுப் பாருங்கள். எண்ணெயில் பொரிக்க வேண்டிய வேலை இல்லை. பிள்ளைகளும் கேட்டு வாங்கி உண்பார்கள், இன்ஷா அல்லாஹ்.